தானாக நடக்குமா?



இந்தப் பக்கத்தில் நான் வழக்கமாக எழுதுவது காணி உறுதி, மரணச் சான்றிதழ், சேமிப்புக் குழு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போன்ற விடயங்களைப் பற்றித்தான். இம்மாதம் இரசாயனவியல் பற்றி எழுதப் போகின்றேன். தயவுசெய்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சாதாரண தரத்தோடு விஞ்ஞானத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் கலைப் பிரிவுக்கு ஓடியவள்தான் நானும். பல்கலைக்கழகத்தில் படித்தது சமூகவியல். ஆகவே எனக்கு விளங்கிய ஒன்று உங்களுக்கும் விளங்கும் என்ற துணிவில் எழுதுகின்றேன். எழுதியதை இரசாயனவியல் கற்பிக்கும் நண்பி ஒருவரிடம் காட்டித் திருத்தியும் இருக்கின்றேன்.

விடயம் இப்படித்தான் தொடங்கியது. வலிகாமம் வடக்கில் ஒரு வீட்டுக்குத் திருத்த உதவிப் படிவம் நிரப்பப் போயிருந்தேன். 1990 இல் விட்டுப்போன வளவு அது. போர் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகுதான் திரும்பக் கிடைத்தது. சுவர்கள் நிற்கின்றன, யன்னல் கம்பிகள் துருவேறித் தொட்டால் உதிர்கின்றன. அந்த வீட்டு அக்காவுக்கு இப்போது ஐம்பதை நெருங்கும் வயது. பெயர் எழுத வேண்டாம் என்றார். கணவர் 2009 இல் இருந்து இல்லை. அப்போது கைக்குழந்தையாக இருந்த மகள் இன்று உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கின்றாள்.

நான் போன நேரம் தாயும் மகளும் முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்தார்கள். தவணைப் பரீட்சையில் இரசாயனவியல் புள்ளி மிகக் குறைவு. படிப்பித்த ஆசிரியர் மாற்றலாகிப் போய் ஒரு தவணை முழுக்க அந்த இடம் வெறுமையாகக் கிடந்திருக்கின்றது. ரியூசனுக்குப் போகப் பஸ் காசும் வேண்டும், வகுப்புக் காசும் வேண்டும். கலைப் பிரிவுக்கு மாறுவதென்றால் மாத முடிவுக்குள் கடிதம் கொடுக்க வேண்டுமாம்.

"மாறட்டும் தங்கச்சி. நீங்களும் கலை படிச்சுத்தானே உத்தியோகம் பாக்கிறீங்கள்" என்றார் அக்கா.

அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் எனக்குக் கொஞ்சம் சுட்டது. நான் விருப்பத்தோடு கலைக்குப் போனவள் அல்ல, பயந்து போனவள். கொப்பியைக் காட்டு என்று மகளிடம் கேட்டேன். முதல் பக்கத்திலேயே ஆசிரியர் கொடுத்துவிட்டுப் போன ஒரு கணக்கு இருந்தது. கல்சியம் காபனேற்றுப் பிரிகையடையும் தாக்கம் எந்த வெப்பநிலைக்கு மேல் சுயமாக நிகழும் என்பதுதான் கேள்வி. கீழே விடை எழுதி, வெட்டி, மறுபடி எழுதி, மறுபடி வெட்டியிருந்தாள்.

"உது என்ன சாமான்?" என்று எட்டிப் பார்த்தார் தாய்.

"சுண்ணாம்புக்கல் அம்மா. எங்கட நிலத்துக்குக் கீழ கிடக்கிற கல்லு."

அக்கா சிரித்துவிட்டார். "அதைச் சுட்டுத்தானேயடி ஐயா எங்களை வளர்த்தவர்!"

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கும் நிலம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். கிணறு வெட்டினால் அந்தக் கல்தான். 1950 இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கியதும் அந்தக் கல்லை நம்பித்தான். அதற்கு முன்பும் பின்பும் சிறு சிறு சூளைகளில் கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கியவர்கள் இருந்தார்கள். அக்காவின் தகப்பனார் அவர்களில் ஒருவர். ஆகவே அன்றைய பாடத்துக்கு அந்த வீட்டிலேயே ஓர் ஆசிரியை இருந்தார். அது எங்கள் மூவருக்கும் அதுவரை தெரியாது.

இப்போது கணக்கின் உள்ளே போவோம். ஒரு பொருள் இன்னொன்றாக மாறுவதை இரசாயனவியலில் தாக்கம் என்கின்றார்கள். இரும்பு துருவாவது ஒரு தாக்கம். துரு தானாகத் திரும்பி இரும்பாவதை எவரும் கண்டதில்லை. ஏன் ஒரு திசையில் மட்டும் போகின்றது? எந்தத் தாக்கம் தானாக நடக்கும், எது நடக்காது என்பதைச் செய்து பார்க்காமலே சொல்ல முடியுமா? இதுதான் கேள்வி.

"சூடு வெளியில வந்தால் தானா நடக்கும், சூடு குடுக்க வேணுமெண்டால் தானா நடக்காது. அப்பிடித்தானே மிஸ்?" என்றாள் மகள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இதே எண்ணத்தை 19 ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கின் தொம்சன், பிரான்சின் பேர்த்தலோ என்ற இரண்டு பெரிய விஞ்ஞானிகளும் கொண்டிருந்தார்கள் என்று நண்பி பிறகு சொன்னார். ஆகவே பிள்ளை பிழைவிட்டாலும் நல்ல கூட்டத்தோடு சேர்ந்துதான் பிழைவிட்டிருக்கின்றாள்.

இந்த எண்ணம் பிழை என்பதை வெங்காயச் செய்கை செய்யும் நம் பெண்கள் ஒவ்வொரு போகத்திலும் தங்கள் கையால் உணர்கின்றார்கள். வாளித் தண்ணீரில் யூரியாவைப் போட்டுக் கலக்கிப் பாருங்கள். வாளி குளிர்ந்துவிடும். அதாவது யூரியா கரைவதற்குச் சூடு தேவை, அதைத் தண்ணீரிடமிருந்து எடுத்துக்கொள்கின்றது. அப்படி இருந்தும் அடுப்பில் வைக்காமல் அது தானாகவே கரைகின்றது. சூடு மட்டும்தான் காரணம் என்றால் அது கரையவே கூடாது.

இங்கேதான் இரண்டாவது காரணம் வருகின்றது. பாடப்புத்தகத்தில் எந்திரப்பி என்று எழுதியிருக்கும். ஒரு மணிமாலை கையில் இருக்கும்போது ஒவ்வொரு மணிக்கும் ஒரு இடம்தான். நூல் அறுந்தால் மணிகள் முற்றத்தில் எங்கும் போகலாம். பாய்க்குக் கீழே, படிக்குப் பக்கத்தில், கோழிக்கூட்டடியில் என்று எத்தனையோ விதமாகக் கிடக்கலாம். மாலையாகக் கிடக்க வழி ஒன்று, சிதறிக் கிடக்க வழி ஆயிரம். பொருளின் துணிக்கைகளும் அவற்றின் சக்தியும் இப்படிப் பரந்து இருக்கக்கூடிய வழிகள் கூடினால் எந்திரப்பி கூடியது என்று அர்த்தம். திண்மத்தில் துணிக்கைகள் மாலை மணிகள் மாதிரி. கரைந்தால் சிதறுகின்றன. வாயுவானால் இன்னும் கூடச் சிதறுகின்றன.

ஆகவே ஒரு தாக்கத்தைப் பார்க்கும்போது இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். சூடு கொடுக்கின்றதா எடுக்கின்றதா என்பது ஒன்று. அதற்கு வெப்பவுள்ளுறை மாற்றம் என்று பெயர். சிதறல் கூடுகின்றதா குறைகின்றதா என்பது மற்றது. சில தாக்கங்களில் இரண்டும் ஒரே பக்கம் இழுக்கும், அங்கே கேள்வியே இல்லை. ஆனால் பெரும்பாலும் ஒன்று இங்கே இழுக்க மற்றது அங்கே இழுக்கும். அப்போது வெல்வது யார் என்பதைத் தீர்மானிப்பது வெப்பநிலை. வெப்பநிலை கூடக்கூடச் சிதறலின் கை ஓங்கும்.

இதை ஒரே வரியில் எழுதிக் காட்டியவர் யோசையா வில்லார்ட் கிப்ஸ் என்ற அமெரிக்கர். சுயாதீனச் சக்தி மாற்றம் = வெப்பவுள்ளுறை மாற்றம் − (வெப்பநிலை × எந்திரப்பி மாற்றம்). விடை சயமாக வந்தால், அதாவது பூச்சியத்துக்குக் கீழே வந்தால், தாக்கம் தானாக நடக்கக்கூடியது. நேராக வந்தால் நடக்காது, மறுதிசைதான் நடக்கும். பூச்சியமாக வந்தால் இரண்டு பக்கமும் சமநிலை. வெப்பநிலையைக் கெல்வினில் போட வேண்டும். நமது வழக்கமான செல்சியசு பாகையோடு 273 ஐக் கூட்டினால் கெல்வின். மகள் இதைக் கூட்டாமல் விட்டதுதான் முதல் வெட்டுக்குக் காரணம். இரண்டாவது வெட்டுக்குக் காரணம், வெப்பவுள்ளுறையைக் கிலோயூலிலும் எந்திரப்பியை யூலிலும் கொடுத்திருப்பார்கள், ஒன்றை மற்றதாக மாற்றாமல் விட்டது. உயர்தரத்தில் பிள்ளைகள் இருக்கும் தாய்மார் இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டாலே போதும், பாதிப் புள்ளி தப்பும் என்கின்றார் நண்பி.

கிப்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1839 இல் நியூ ஹேவன் என்ற ஊரில் பிறந்தவர். தகப்பன் கட்டிய வீட்டிலேயே, திருமணம் செய்யாமல், சகோதரியின் குடும்பத்தோடு வாழ்ந்து 1903 இல் இறந்தவர். 1871 இல் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். சம்பளம் கிடையாது! வேறொரு பல்கலைக்கழகம் சம்பளத்தோடு அழைத்த பிறகுதான், 1880 இல், யேல் அவருக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. சுயாதீனச் சக்தி பற்றிய பெரிய கட்டுரை 1876 க்கும் 1878 க்கும் இடையில், உள்ளூர்ச் சங்கம் ஒன்றின் சஞ்சிகையில் வெளிவந்தது. வாசித்தவர்கள் மிகச் சிலர். ஐரோப்பாவில் அவரை நன்றாக விளங்கிக்கொண்ட மக்ஸ்வெல் என்ற பெரிய பௌதிக அறிஞர், கிப்சின் முந்திய கட்டுரை ஒன்றை வைத்துத் தன் கையாலேயே ஓர் உருவம் செய்து அவருக்கு அனுப்பினாராம்.

சமூகவியல் படித்தவளுக்கு இங்கே வேறொன்றும் கண்ணில் படுகின்றது. ஒன்பது வருடம் சம்பளமில்லாமல் ஒரு மனிதன் சிந்தித்துக்கொண்டிருக்க முடிந்ததென்றால், பெற்றோர் விட்டுப்போன சொத்து இருந்தது, இருக்க வீடு இருந்தது, அந்த வீட்டை நடத்த ஒரு சகோதரி இருந்தாள். அவருடைய அறிவைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பஸ் காசுக்காகப் பாடத்தைக் கைவிடப்போகும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதை யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

சூத்திரம் சரிதானா என்று சோதிக்க ஐஸ் நல்லது. ஐஸ் உருக ஒரு மூலுக்கு 6010 யூல் சூடு தேவை. உருகினால் சிதறல் கூடுகின்றது, எந்திரப்பி 22 யூல் கூடும். இரண்டு பக்கமும் சமமாகும் வெப்பநிலை எது? 6010 ஐ 22 ஆல் பிரித்தால் 273 கெல்வின். அது பூச்சியப் பாகை செல்சியசு! மீன்பெட்டியில் ஐஸ் போடும் எவருக்கும் தெரிந்த உண்மை கணக்கிலிருந்து அப்படியே வந்து விழுந்தது. அதற்கு மேலே ஐஸ் தானாக உருகும், கீழே தண்ணீர் தானாக உறையும். மகள் தன் கையால் பிரித்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தைப் பார்க்கத்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன் என்று சில நாட்களில் தோன்றும்.

இனிச் சுண்ணாம்புக்கல். அது நீறாச் சுண்ணாம்பாகவும் காபனீரொட்சைட்டு வாயுவாகவும் பிரிய ஒரு மூலுக்கு 178 கிலோயூல் சூடு வேண்டும். வாயு வெளிவருவதால் எந்திரப்பி 160 யூல் கூடும். சாதாரண நாளில், 25 பாகையில், அதாவது 298 கெல்வினில் போட்டுப் பார்த்தால் விடை ஏறத்தாழ நேர் 130 கிலோயூல். ஆகவே கல் கல்லாகவே கிடக்கும், எத்தனை ஆயிரம் வருடமானாலும். 1200 கெல்வினில் போட்டால் விடை ஏறத்தாழ சய 14. கல் பிரியும். திரும்பும் இடம் எது? 1,78,000 ஐ 160 ஆல் பிரித்தால் ஏறத்தாழ 1110 கெல்வின். 273 ஐக் கழித்தால் 840 பாகை செல்சியசு.

மகள் விடையை எழுதி முடித்ததும் தாயிடம் வாசித்துக் காட்டினாள்.

"எண்ணூற்றுச் சொச்சமோ எனக்குத் தெரியாது" என்றார் அக்கா. "கல்லு செக்கச்செவேலெண்டு வரவேணும். அந்த நிறம் காணாட்டில் எத்தினை நாள் விறகு போட்டாலும் கல்லு கல்லாத்தான் கிடக்கும். ஐயா நிறத்தைப் பாத்துத்தான் சொல்லுவார்."

அந்த வெப்பத்தில் எரியும் பொருள் அப்படித்தான் பளிச்சென்று சிவந்து தெரியும் என்பதை நண்பியும் உறுதிப்படுத்தினார். அக்கா இன்னொன்றும் சொன்னார். சூளைக்குக் காற்றுப் போக்குவரத்து வேண்டும், அடைத்துவிட்டால் நெருப்பு இருந்தும் கல் சரியாக வேகாது என்று அவருடைய ஐயா சொல்லுவாராம். எரிவதற்குக் காற்று வேண்டும் என்பது ஒரு பக்கம். மறுபக்கம், பிரிந்து வந்த காபனீரொட்சைட்டுச் சூளைக்குள்ளேயே தேங்கி நின்றால் அது நீறாச் சுண்ணாம்போடு மறுபடி சேர்ந்து கல்லாகப் பார்க்கும். காற்று அந்த வாயுவைக் கொண்டுபோய்விட்டால் தாக்கம் முன்னுக்குப் போவது இலகு. நாம் கண்ட 840 பாகை என்பது அந்த வாயு சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் நிற்கும்போது உள்ள கணக்கு. வாயு குறைந்தால் அந்த எல்லையும் கீழே இறங்கும். மகளின் கொப்பியில் அடுத்த அத்தியாயமாக வரப்போகும் பாடம் அது. தாய்க்குப் பத்து வயதிலேயே தெரிந்திருக்கின்றது.

இவ்வளவும் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது அக்கா திடீரென்று குரல் மாறிச் சொன்னார். "தானாக நடக்கும், தானாக நடக்கும் எண்டு நீங்கள் ரெண்டு பேரும் சொல்லச் சொல்ல எனக்குக் கோபம் வருது. காணி தானா வரும், வீடு தானா வரும், மனம் தானா ஆறும் எண்டு எத்தினை பேர் எனக்குச் சொன்னவை."

நாங்கள் இருவரும் பேசாமல் இருந்தோம். இந்தத் தொழிலில் இருக்கும் நாங்களும் அந்தச் சொல்லைக் கொஞ்ச நஞ்சமாகவா சொல்லியிருக்கின்றோம். காணாமல் போனவரைத் தேடும் ஒரு பெண்ணிடம் காலம் எல்லாவற்றையும் தானாக ஆற்றிவிடும் என்று சொல்வதற்கு எந்தச் சூத்திரமும் இல்லை. நான் அதை இரசாயனவியலோடு சேர்த்து முடிச்சுப் போடப் போவதில்லை. ஆனால் அவருடைய கோபம் ஒரு சரியான இடத்தைத் தொட்டது. ஏனென்றால் இரசாயனவியலிலும் "தானாக" என்ற சொல் நாம் நினைப்பதைச் சொல்லவில்லை.

சுயாதீனச் சக்தி சொல்வது திசையை மட்டும்தான். எப்போது, எவ்வளவு வேகத்தில் என்பதை அது சொல்லவே சொல்லாது. 1990களில் மண்ணெண்ணெய் பவுண் விலை விற்ற காலத்தில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டுத் துளி எண்ணெய் விட்டு எரித்த விளக்கு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்த வெளிச்சத்தில்தான் நான் எழுத்துப் படித்தேன். மண்ணெண்ணெய் ஒட்சிசனோடு சேர்ந்து எரிவது சுயமாக நிகழக்கூடிய தாக்கம், கணக்குப் போட்டால் விடை பெரிய சய எண்ணாக வரும். ஆனாலும் போத்தலில் ஊற்றி வைத்த எண்ணெய் மாதக்கணக்கில் சும்மா கிடக்கின்றது. ஒரு நெருப்புக்குச்சி கிழித்தால்தான் தொடங்குகின்றது. மலைச்சரிவில் நிற்கும் கல்லுக்கு முன்னால் ஒரு சிறு மேடு இருப்பது மாதிரி. மேட்டைத் தாண்டிவிட்டால் பிறகு யாரும் தள்ளத் தேவையில்லை. அந்த மேட்டுக்கு ஏவற்சக்தி என்று பெயர்.

வைரம்கூட இப்படித்தான். வைரமும் பென்சில் கரியும் ஒரே காபன். சாதாரண வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் வைரம் கரியாக மாறுவதுதான் தானாகப் போகக்கூடிய திசை. ஆனால் மேடு அவ்வளவு உயரம், மனித ஆயுளில் எதுவும் நடக்காது. வைரத்தோட்டை அடைவு வைத்திருப்பவர்கள் இதற்காகப் பயப்படத் தேவையில்லை. வட்டிக்குப் பயந்தால் போதும்.

இரும்பு துருவாவதும் தானாக நடப்பதுதான். இதில் காற்றில் திரிந்த ஒட்சிசன் திண்மத்துக்குள் அடைபடுவதால் சிதறல் குறைகின்றது. ஆனால் வெளிவரும் சூடு அவ்வளவு பெரிது, குறைந்த சிதறலை அது ஈடுசெய்துவிடும். கடற்காற்றின் உப்பு அந்தத் திசையை உண்டாக்கவில்லை, வேகத்தை மட்டும் கூட்டுகின்றது. நிறப்பூச்சுப் பூசினால் திசை மாறாது, வேகம் குறையும். அக்கா வீட்டு யன்னல் கம்பிகள் இருபது வருடத்துக்கு மேல் பூச்சுக் காணாதவை.

தானாக நடக்காததை நடத்தவே முடியாதா என்றால், முடியும். வெளியிலிருந்து வேலை செய்து தள்ள வேண்டும். பற்றரி பாவிக்கும்போது உள்ளே நடப்பது தானாகப் போகும் தாக்கம். கைத்தொலைபேசியைச் சார்ச் பண்ணும்போது அதையே மின்சாரம் கொடுத்துப் பின்னுக்குத் தள்ளுகின்றோம். சுயாதீனச் சக்தி என்ற பெயரும் இதிலிருந்து விளங்கும். ஒரு தாக்கத்திலிருந்து நாம் வேலைக்கு எடுத்துக்கொள்ளக்கூடிய சக்தியின் உச்ச அளவு அது. சுயாதீனம் என்றால் இலவசம் அல்ல. இதை ஏன் சொல்கின்றேன் என்றால், சேமிப்புக் குழு ஒன்றில் ஒரு சகோதரி 'ஃபிரீ எனர்ஜி' என்று ஒரு காணொளியைக் காட்டினார். காந்தத்தைச் சுழல விட்டால் வீடு முழுக்க மின்சாரமாம், எரிபொருள் வேண்டாமாம். கடன் எடுத்து வாங்கலாமா என்று கேட்டார். ஒன்றுமே கொடுக்காமல் தொடர்ந்து வேலை செய்யும் பொறி எதுவும் இல்லை, இருக்கவும் முடியாது. அந்தப் பெயரில் எது வந்தாலும் கைப்பையை இறுக்கிப் பிடியுங்கள்.

மறுபடி சுண்ணாம்புக்கு வருகின்றேன், ஏனென்றால் இதில் அவசியமான ஒன்று இருக்கின்றது. அக்காவின் இடது முன்கையில் உள்ளங்கை அகலத்துக்குத் தழும்பு ஒன்று உண்டு. செல் பட்டதாக்கும் என்று நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அது சிறுவயதில் நீறாச் சுண்ணாம்புக் கடகத்துக்குள் தண்ணீர் சிந்தித் தெறித்ததாம்.

நீறாச் சுண்ணாம்பு தண்ணீரோடு சேர்வது தானாக நடக்கும், மேடும் மிகச் சிறிது, ஆகவே உடனே நடக்கும். ஒரு மூலுக்கு 65 கிலோயூல் சூடு வெளியே வரும். தண்ணீர் கொதித்துத் தெறிக்கும். திருத்தும் வீடுகளுக்கு வெள்ளையடிக்க நீறாச் சுண்ணாம்பு வாங்கும் சகோதரிகள் தயவுசெய்து கவனியுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்ற வேண்டாம். அகன்ற பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் எடுத்து, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் போடுங்கள். மெல்லிய பிளாஸ்ரிக் வாளி சூட்டுக்கு நெளியும், பாவிக்காதீர்கள். முகத்தைக் குனிந்து பார்க்க வேண்டாம். பிள்ளைகளை முற்றத்திலிருந்து அனுப்பிவிடுங்கள். தோலில் தூள் பட்டால் முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டுப் பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் தாமதிக்காமல் சுத்தமான தண்ணீரை ஓடவிட்டு இருபது நிமிடமாவது கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கண்ணைக் கசக்கவும் கூடாது, எண்ணெய், பால் என்று எதையும் விடவும் கூடாது.

அப்படி நீறிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல மெல்ல எடுத்து மறுபடி சுண்ணாம்புக்கல்லாகவே மாறுகின்றது. அதுவும் தானாகப் போகும் தாக்கம்தான், ஆனால் மெதுவாக. அதில் 113 கிலோயூல் வெளியே வருகின்றது. நமக்குச் சூடாகத் தெரியாது, அவ்வளவு ஆறுதலாக நடக்கின்றது. மகள் இந்த இரண்டு எண்களையும் கூட்டிப் பார்த்தாள். 65 உம் 113 உம் 178. சூளையில் விறகு எரித்துக் கல்லுக்குள் செலுத்திய அதே 178! ஐயா அன்று கொடுத்த சூடு ஒரு பங்கு அக்காவின் கையைச் சுட்டிருக்கின்றது, மற்றப் பங்கு யார் யாருடைய வீட்டுச் சுவர்களிலோ ஆறியிருக்கின்றது.

அக்கா எழுந்து போய் உள்ளறைச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். கூரையில்லாமல் அத்தனை மழை கண்ட சுவர். ஒரு மூலையில் பழைய வெள்ளை இன்னமும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது ஐயா சுட்ட சுண்ணாம்புதான்" என்றார்.

மகள் கொப்பியின் ஓரத்தில் ஏதோ எழுதிக்கொண்டு, "சூளை எத்தினை நாள் எரியும் அம்மா? விறகு எவ்வளவு போகும்?" என்று கேட்கத் தொடங்கினாள். அக்கா நிலத்தில் குந்தியிருந்து, ஈர்க்கால் மண்ணில் சூளையின் வடிவத்தைக் கீறினார். காற்று வரும் வாய் எந்தப் பக்கம், கல் அடுக்குவது எப்படி, விறகு வைப்பது எங்கே என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். கலைப் பிரிவுக் கடிதம் பற்றி நான் கேட்டபோது நிமிர்ந்து பார்க்காமலே, "மாதம் முடிய இன்னும் பதினொரு நாள் கிடக்குது தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். பக்கத்து ஊரில் வார இறுதியில் இலவசமாகப் படிப்பிக்கக்கூடிய ஒருவரை விசாரித்துச் சொல்வதாக நான் ஒப்புக்கொண்டிருக்கின்றேன். நண்பியிடம் கேட்டிருக்கின்றேன், இன்னும் பதில் வரவில்லை.

சைக்கிளில் பாதி வழி வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, வீட்டுத் திருத்தப் படிவத்தில் அக்காவின் கையெழுத்தை வாங்க மறந்துவிட்டேன். வியாழக்கிழமை மறுபடி போக வேண்டும்.